கத்தோலிக்கப் பள்ளியில் கவுன்சிலர் யாருடைய ஆள்?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். காரைக்குடிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி. காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்திருக்கிறது, வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, மதியச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறாள். வகுப்பாசிரியை ஒரு படிவத்தைக் கொடுத்து, பள்ளியின் கவுன்சிலரான, அதாவது பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு உதவும் ஆலோசகரான சிஸ்டரிடம் அவளை அனுப்பக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "நாங்கள் இந்துக் குடும்பம். கத்தோலிக்கப் பள்ளியில் கவுன்சிலரின் வேலைதான் என்ன? கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது இந்தக் கேள்வி. உள்ளே மூன்று பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று முத்திரை குத்திவிடுவார்களோ? சிஸ்டர் முன்னால் உட்கார வைத்தால் மெல்ல மதத்தைப் பேசுவார்களோ? அவள் சொல்லும் வீட்டு விஷயம் யார் யார் காதுக்குப் போகுமோ? கடைசிதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நம் ஊர்களில் அது நியாயமான பயம். கோட்டையூரில் காலையில் பேசியது மதியத்துக்குள் பள்ளத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் உளவியல் படித்தவள். இந்த வட்டாரத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பல வருடங்களாகக் கவுன்சிலர் வேலை பார்க்கிறேன். கத்தோலிக்கப் பெண்தான், ஆனால் சிஸ்டர் இல்லை, குடும்பஸ்தி. பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு சாய்வு இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். இன்னொன்று, உங்கள் மகளுக்கு என்ன பிரச்சினை என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அப்படி யாராவது இந்தக் கேள்விக்குக் கீழே சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

முதலில் வேலையைப் பற்றி. என் அறைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோய் என்று எதுவும் இருக்காது. எட்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஒன்பதில் ஆங்கில வழிக்கு மாறி, அறிவியல் பாடத்தில் ஒரு வரியும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பையன் வருவான். அப்பா சிங்கப்பூரில் இருக்க அம்மாச்சி வீட்டில் வளரும் பெண் வருவாள். அந்த அப்பா ராத்திரி வீடியோ காலில் வந்து மார்க்கை மட்டும் விசாரிப்பார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் சேர்ந்து, முதல் மாதம் முழுக்க ஊர் நினைப்பில் அழும் பிள்ளைகள் உண்டு. ஒரு வகைப் பிள்ளையை வேறு ஊரில் அதிகம் பார்க்க முடியாது. செட்டியார் குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரின் மகன் நம் பள்ளியில் படிப்பான். வருடம் முழுக்க அந்த வளவும் முகப்பும் அவன் ஓடி விளையாடிய இடம். கல்யாணத்துக்கோ முன்னோர் வழிபாடான படைப்புக்கோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும் அவன் பின்கட்டோடு நின்றுகொள்ள வேண்டும். கூடப் படிக்கும் பையனே விருந்தாளியாக வந்து இவனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால், மறுநாள் வகுப்பில் நடக்கும் அடிதடிக்குக் காரணம் எந்த ஆசிரியருக்கும் தெரியாது. அவனைக் "கொஞ்சம் கண்டிச்சு அனுப்புங்க மிஸ்" என்று சொல்லி என்னிடம் அனுப்புவார்கள்.

கண்டிப்பது என் வேலை இல்லை. ஒரு பீரியட் நேரம் அவனைப் பேச விடுவதும், நடுவில் புத்தி சொல்லாமல் இருப்பதும்தான் வேலையின் பாதி. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1950-களில் வலியுறுத்திச் சொன்னதுதான் இது: எதிரே இருப்பவரை நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொண்டு கேட்டால்தான் அவருக்குள் மாற்றம் தொடங்கும். படிக்கும்போது எளிதாகத் தோன்றும். எதிரே ஒரு பதினான்கு வயதுப் பையன் உட்கார்ந்து, செய்த தப்பை நியாயப்படுத்திப் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். மறுபாதி வேலை, அவனால் தனியாகச் செய்ய முடியாததை வெளியே செய்வது. ஆசிரியரிடம் பேசி இடத்தை மாற்றி உட்கார வைப்பது, வீட்டாரைக் கூப்பிடுவது, தேவையென்றால் மருத்துவரிடம் அனுப்புவது.

உங்கள் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பாத்திரம் நிறைந்தபடி திரும்பி வருகிறது என்றால், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதைவிட மதியம் யாரோடு உட்காருகிறாய் என்று கேட்பேன். ஒன்பதாம் வகுப்பில் பெண் பிள்ளைகளின் செட்டு உடைந்து, ஒருத்தியைத் தனியே விட்டுவிடுவது சர்வசாதாரணம். தனியே உட்கார்ந்து சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று அந்த வயதில் தோன்றும். பல்வலியாகவும் இருக்கலாம். உடம்பு குண்டாகிவிட்டது என்ற நினைப்பாக இருக்கலாம். அதையெல்லாம்விட வேறாகவும் இருக்கலாம். காலை அசெம்பிளியில் மயங்கி விழும் பெண்ணை நேரே என்னிடம் கொண்டுவருவார்கள், "மனசுல ஏதோ வச்சிருக்கா" என்று. காலையில் சாப்பிட்டாளா, மாதவிடாய் எப்படி, ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் மனசுக்கு வருவேன். ரத்தசோகையைப் பேசித் தீர்க்க முடியாது. நீங்களும் இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், கவுன்சிலரிடம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும்.

முத்திரை பற்றிய பயத்துக்கு வருகிறேன். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத சில விஷயங்கள் உண்டு. பள்ளிக் கவுன்சிலர் மருந்து எழுதக் கூடாது. அது மனநல மருத்துவரின் வேலை. கற்றல் குறைபாடு உண்டா, இல்லையா என்று முறையாகச் சோதிப்பதும் கவுன்சிலரின் வேலை இல்லை; அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர்கள் இருக்கிறார்கள். கவுன்சிலரைப் பார்த்தாள் என்பதை எழுத மாற்றுச் சான்றிதழில் இடமே கிடையாது. அப்படிச் சோதித்துக் கற்றல் குறைபாடு இருப்பது தெரியவந்தால்கூட அது பிள்ளைக்கு நன்மையாகவே முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி பிறக்கும். ஆனால் எப்போதும் நன்றாகப் படித்தவள் திடீரென்று சரிந்தால் நான் முதலில் அந்தப் பக்கம் போக மாட்டேன். கற்றல் குறைபாடு காலாண்டுக்கு முந்தின மாதம் புதிதாக வருவதில்லை.

கவுன்சிலர் வைப்பது பள்ளியின் தாராளத்தைப் பொறுத்த விஷயமாக இருந்தது ஒரு காலம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் தற்கொலை வழக்கில் தந்த தீர்ப்பில், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதியுள்ள கவுன்சிலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று சொன்னது. அதைவிடச் சின்னப் பள்ளிகள் வெளியில் ஒரு நிபுணரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். அதனால் உங்கள் பள்ளி படிவம் நீட்டியதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. எல்லாப் பள்ளியும் இதை ஒழுங்காகச் செய்கிறதா என்றால், இல்லை. பல இடங்களில் கவுன்சிலரின் சம்பளத்தை நிர்வாகமே தன் கையிலிருந்து தர வேண்டியிருப்பதால், தங்கள் துறவற சபையில் உளவியல் படித்த ஒரு சிஸ்டருக்கு ஏற்கெனவே இருக்கும் வேலைகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வசதிக் கணக்கில்தான் சிக்கல் பிறக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மதம். நம் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள், கொஞ்சம் முஸ்லிம்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்கள் மதப் பாடம், நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. திருச்சபையின் சொந்தப் போதனையும் அதே பக்கம்தான் நிற்கிறது: 1965 டிசம்பரில், உலகெங்கும் உள்ள பிஷப்புகள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, விசுவாசத்துக்கு யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

கவுன்சிலர் அறைக்குள் இது எப்படி நடைமுறையாகிறது? ஒரு பெண் வந்து "கொப்புடையம்மனுக்கு வேண்டியிருக்கேன் மிஸ், பாஸாயிட்டா விளக்குப் போடுவேன்" என்பாள். கடைசியாக எப்போது கோவிலுக்குப் போனாய், யாரோடு போனாய், அங்கே உட்கார்ந்தால் மனசுக்கு எப்படி இருக்கும் என்று கேட்பேன். பெரும்பாலும் அப்பத்தாவோடு போயிருப்பாள். அந்த அப்பத்தாவிடம்தான் அவள் மனம் விட்டுப் பேசுவாள் என்பது அப்போது தெரியவரும். அவளுக்குப் பிடிமானமாக இருப்பதை நான் பலப்படுத்த வேண்டும். அதைப் பிடுங்கிவிட்டு என்னுடையதைக் கையில் கொடுக்கக் கூடாது. "வா, சேர்ந்து ஜெபம் பண்ணுவோம்" என்று ஒரு கவுன்சிலர் இந்துப் பிள்ளையிடம் சொல்வதை, நல்ல எண்ணத்தில் சொன்னாலும், தவறு என்றே நினைக்கிறேன். அந்த அறையில் அந்த வயதுப் பிள்ளையால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. எல்லா சிஸ்டரும் இந்த எல்லையைக் காப்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஜெபமாலையை எடுத்துக் கையில் கொடுப்பவர்களும் உண்டு. அப்படி நடந்தால் தாளாளரிடம் எழுத்தில் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கையில் கட்டும் கயிறு இன்னொரு விவகாரம். நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைக் கூடப் படித்தவர்களே சாதிப் பகையில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சரியான பரிந்துரை. ஆனால் பங்குனி மாதம் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டு வரும் பிள்ளையின் கயிறும் கயிறுதான். வாசலில் நின்று கத்தரிக்கோலால் வெட்டுகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. யார் கட்டிவிட்டது, எதற்கு, எப்போது அவிழ்ப்பாய் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் இதைக் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் இருப்பதே பல வீட்டுச் சண்டைகளைத் தவிர்க்கிறது. அதுவும் கவுன்சிலர் வேலையில் சேர்த்திதான், படிவத்தில் எழுதியிருக்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடம். அவள் சொல்வது யாரிடம் போகும்? கத்தோலிக்கப் பள்ளி என்பதால் பலர், கத்தோலிக்கப் பெற்றோர் உட்பட, கவுன்சிலிங்கைப் பாவசங்கீர்த்தனத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பாவசங்கீர்த்தனம் என்பது செய்த பாவங்களைக் குருவானவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் திருச்சபைச் சடங்கு; அதன் ரகசியம் எந்தக் காரணத்துக்காகவும் மீறக் கூடாதது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 983-ஆம் எண்ணில் சொல்கிறது. யார் சொன்னது என்று வெளியே தெரியாத வகையிலும்கூட, அப்படி அறிந்ததைச் சம்பந்தப்பட்டவருக்குப் பாதகமாகக் குருவானவர் பயன்படுத்தக் கூடாது என்கிறது 984. கவுன்சிலரிடம் சொல்வதற்கு இந்த முத்திரை கிடையாது. கவுன்சிலர் சிஸ்டராக இருந்தாலும் சரி, ஃபாதராக இருந்தாலும் சரி, அந்த அறையில் நடப்பது தொழில்முறை ரகசியம். அதற்கு விதிவிலக்குகள் உண்டு.

அதற்கு அடுத்த எண்ணை, 985-ஐ, வெளியே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குருவாகப் படிப்பவர்கள் தங்கும் குருமடத்தின் அதிபரோ, வேறு கல்வி நிலையத்தின் அதிபரோ, தன்னோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. மாணவர் தாமாக விரும்பிக் கேட்கும் தனித் தருணங்கள் மட்டும் விலக்கு. காரணம் வெளிப்படை. உன்னைச் சேர்த்துக்கொள்ளவும் வெளியே அனுப்பவும் தண்டிக்கவும் அதிகாரம் உள்ளவரிடம் நீ மனசைத் திறக்கும் நிலை வரக் கூடாது. சொல்லாமல் மறைப்பாய், அல்லது சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வாய். இந்தச் சட்டம் கவுன்சிலர்களைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பள்ளிக் கவுன்சிலருக்கு நீட்டுவது என் வாதம். ஆனால் நீட்டத் தகுந்த வாதம் என்று நம்புகிறேன். தண்டிக்கிற கையும் ரகசியம் கேட்கிற காதும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று இத்தனை நூற்றாண்டு அனுபவத்தில் கண்டுகொண்ட ஒரு திருச்சபை நடத்தும் பள்ளியில், எச்.எம். சிஸ்டரோ வார்டன் சிஸ்டரோ கவுன்சிலர் நாற்காலியிலும் உட்காருவது பொருந்தவே பொருந்தாது. கணக்கு டீச்சராகவும் இருந்து இன்டர்னல் மார்க் போடுகிறவர் என்றாலும் எனக்குச் சம்மதம் இல்லை. அந்த சிஸ்டர் எவ்வளவு நல்லவர் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. காலையில் ஜடை சரியில்லை என்று வெளியே நிறுத்தியவரிடம் மத்தியானம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்?

ரகசியத்தின் விலக்குகளைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் அப்படித்தான் சொல்வேன். உன் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்வேன். உன்னிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தால் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது என் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்திருப்பது தெரிந்த எவரும் காவல் துறைக்கோ, சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது. சிஸ்டர், ஃபாதர், பிஷப் என்று யாருக்கும் அந்தப் பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை. "முதல்ல சபைக்குச் சொல்லிட்டு அப்புறம் பார்ப்போம்" என்பது சட்டத்தின் வழி அல்ல. வெளிப்படையாகச் சொன்னால், கத்தோலிக்க நிறுவனங்கள் உலகம் முழுக்க அடிபட்ட இடம் இதுதான். அதனாலேயே 2019-இல் போப் பிரான்சிஸ், குருக்களும் துறவியரும் தங்களுக்குத் தெரியவரும் பாலியல் அத்துமீறலைத் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். அது உள் விதி. போலீஸுக்குச் சொல்லும் கடமையை அது கழித்துவிடாது.

இதில் சங்கடமான ஒரு மூலையும் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் இருவரும் விரும்பி எல்லை தாண்டியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் குற்றம்தான், சம்மதம் செல்லாது. காதல் கடிதத்துக்கோ இன்ஸ்டாகிராம் பேச்சுக்கோ போலீஸ் தேவையில்லை. அதைத் தாண்டினால் கவுன்சிலரின் கை கட்டப்பட்டுவிடும். இது பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சொல்லாமலே மறைப்பார்களே என்று எங்கள் தொழிலில் விவாதம் இருக்கிறது. எனக்கும் மனம் ஒப்பாத இடம்தான். ஆனாலும் சட்டம் இருக்கிறபடிதான் நடக்கிறேன், அதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது முடித்ததும் மாமன் மகனுக்குப் பேசி முடிக்கப்போகிறார்கள் என்று வரும் பெண்ணின் விஷயத்தில் எனக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 18 வயதுக்கு முன் கல்யாணம் என்றால் முதலில் அம்மாவிடம் பேசுவேன், கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098.

இந்த விலக்குகளுக்கு வெளியே உள்ளவை, அதாவது அப்பாவும் அம்மாவும் போடும் சண்டை, அப்பாவின் குடி, சீட்டுப் பணம் கட்ட முடியாதது, தோழி செய்த துரோகம், இவையெல்லாம் அறையோடு நிற்க வேண்டும். எச்.எம். கேட்டால் "வருகிறாள், பேசுகிறாள், வகுப்பில் முன் வரிசையில் உட்கார வையுங்கள்" என்ற அளவில்தான் பதில் போக வேண்டும். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது வாயே திறக்கக் கூடாது. நிச்சயமாக இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல முடியுமா? முடியாது. நல்ல கவுன்சிலர் இப்படி நடப்பார் என்று மட்டும் சொல்வேன். பெற்றோரான உங்களுக்கும் இது பொருந்தும். மைனர் பிள்ளை என்பதால் உங்களிடம் சம்மதம் வாங்க வேண்டும், பொதுவாக எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் வரிக்கு வரி கேட்டால் கவுன்சிலர் மறுக்கலாம், மறுப்பதுதான் நல்லது.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு பாரத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு இது பொருந்தாது, படிக்கிற மற்றவர்களுக்காக. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது, ஆனால் அப்படி நினைப்பதே சாவான பாவம், அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசையில் நன்மை, அதாவது குருவானவர் தரும் புனித அப்பம், வாங்காமல் பின்னால் நிற்பார்கள். கூட இருப்பவர்கள் வேறு ஏதேதோ நினைப்பார்கள். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கமும் பயமும் பொறுப்பைக் குறைக்கின்றன என்று 2282-ஆம் எண்ணில் சொல்கிறது. தற்கொலை செய்துகொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அடுத்த எண்ணில் சொல்கிறது. இதை ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்க்கலாம். இந்த ஒரு இடத்தில் கத்தோலிக்கப் பள்ளிக் கவுன்சிலருக்கு மறைக்கல்வி தெரிந்திருப்பது உதவி. அதன் பிறகு மருத்துவர்தான். மனச்சோர்வுக்கு ஜெபம் துணையாக இருக்கலாம், சிகிச்சையாக முடியாது.

நடைமுறை பள்ளிக்குப் பள்ளி மாறும் இடங்களும் உண்டு. தன் பாலினத்தவர் மேல் ஈர்ப்பு இருப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், அது நோயல்ல என்பது மருத்துவ உலகில் முடிந்துபோன விஷயம்; மாற்றப் பார்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடுத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்று மறைக்கல்வி நூலும் சொல்கிறது, உறவை மட்டும் அது ஏற்பதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கவுன்சிலர் எப்படி நிற்பார் என்பது ஆளைப் பொறுத்தது. நான் அந்தப் பிள்ளையின் பாதுகாப்பை முதலில் பார்ப்பேன், வீட்டுக்கு அதை நானாகச் சொல்ல மாட்டேன். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, கையெழுத்து. போடலாம் என்பது என் கருத்து, ஆனால் ஒருமுறை நேரில் போய்ப் பேசிவிட்டு. கவுன்சிலர் சிஸ்டர் உங்கள் மகளுக்குப் பாடம் எடுக்கிறாரா, பள்ளியில் வேறு என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று கேளுங்கள். என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை; நல்லவர் சந்தோஷமாகச் சொல்வார். குறிப்பு எழுதுவாரா, அது எந்த பீரோவில், யாரிடம் சாவி என்று கேளுங்கள். அறை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஆபீஸ் வாசலில், எல்லாரும் பார்க்கும்படி பெஞ்ச் போட்டு உட்கார வைத்தால் அங்கே யாரும் பேசப்போவதில்லை. அதே சமயம் கதவு முழுக்கச் சாத்திய இருட்டறையும் வேண்டாம். கண்ணாடி வைத்த கதவு, வெளியே இருந்து பார்க்கலாம், கேட்க முடியாது என்ற ஏற்பாடுதான் சரி. எச்.எம்.மே கவுன்சிலர் என்றால், வெளியிலிருந்து வரும் கவுன்சிலர் யாராவது உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் நான் கையெழுத்தைத் தள்ளிப்போட்டு வெளியே ஒருவரைப் பார்ப்பேன்.

மகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆனால் தப்புச் செய்ததற்காக அனுப்புகிறார்கள் என்ற தொனி வராமல். "யாரோ ஒருத்தர்கிட்ட பேசிப் பாரு, பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம்" என்ற அளவு போதும். அந்தக் கடைசி வாக்கை நீங்கள் காப்பாற்ற வேண்டும். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன" என்று ஆரம்பிக்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள். படிவத்தில் கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கும். அதில் "உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும், மற்றபடி மகளின் சம்மதம் இல்லாமல் பேசியதைப் பிறரிடம் பகிர வேண்டாம்" என்று எழுதிப் போடுங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் பள்ளி என்றால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

நாலைந்து வாரத்தில் சின்ன அசைவாவது தெரிய வேண்டும்: சாப்பாட்டுப் பாத்திரம் கொஞ்சம் காலியாகும், ஒரு தோழியின் பெயர் பேச்சில் வரும். ஒன்றும் இல்லாவிட்டாலோ, தூக்கம் கெட்டாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ, "நான் இல்லாட்டி நல்லாருக்கும்" என்ற மாதிரிப் பேச்சு வந்தாலோ கவுன்சிலருக்காகக் காத்திருக்க வேண்டாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே கூட்டிப் போங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள்.